குப்பை வாங்க வந்த பிள்ளைகள்

ஜூன் 30, திங்கள்

நூல் கம்பெனிக்காரர்கள் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக அரிசி டப்பாவின் மேல் சும்மா கிடந்தது. இப்போது நானும் சும்மா கிடக்கிறேன். "எழுது கோகிலா, எழுதிக் கிழி" என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டு என் வீட்டுக்காரர் சென்னியப்பன் கம்பெனிக்குப் போய்விட்டார். பனியன் தைக்கும் பவர்டேபிள் டெய்லர் அவர், கிண்டலில் மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

போன வாரம் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் குப்பை மூலையில் ஸ்கூட்டி வழுக்கி விழுந்தேன். மழையில் நனைந்த பனியன் வேஸ்ட் ரோடு வரைக்கும் பரவிக் கிடந்தது. வலது காலில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. ஆகஸ்ட் வரை காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள் நான். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம், எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்டவளுக்கு ரோட்டில் கிடந்த துணி தெரியாமல் போயிற்றே என்று நினைத்தால் எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

வீட்டுக்காரர் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறார். எங்கள் காம்பவுண்டில் வரிசையாக எட்டு லைன் வீடு. எட்டு வாசலும், கடைசி வீட்டை ஒட்டிய வேப்பமரமும், அதற்கடியில் அந்தப் பாழாய்ப்போன குப்பை மூலையும் இங்கிருந்தே தெரிகிறது.

ஜூலை 2, புதன்

பகலில் இந்தக் காம்பவுண்டு எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. காலையில் போனால் இருட்டினால்தான் வருவேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஐந்தாறு பேர் பக்கெட்டோடு கிளம்பி ஒவ்வொரு வாசலாகப் போய், "குப்பை இருக்குங்ளா?" என்று கேட்கிறார்கள். ஒரிசாக்காரர் மகன் பிகாஷ் ஒரு பக்கெட், இன்னொன்று யார் கையில் என்று எட்டிப் பார்த்தால், என் மகள் தாரணிகா! ஏழாவது படிக்கிறாள். வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னால் மூஞ்சி தூக்கிக்கொள்கிறவள், ஊரார் குப்பையைக் கையால் வாங்குகிறாள்.

"எப்ப இருந்துடீ இந்த வேலை?" என்றேன்.

"போன வாரத்துல இருந்தும்மா."

"ஆரு சொன்னா?"

"கடைசி வீட்டு முத்துப்பேச்சி அத்தை."

அத்தையாம். ஆறு மாதம் முன்னால் தேனிப் பக்கமிருந்து தனியாக வந்து குடியேறியவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ராத்திரி மில்லுக்குப் போகிறாள், பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள். ஒட்டு இல்லை உறவு இல்லை, இவள் எதற்கு எங்கள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அலைகிறாள்? ஏதாவது கட்சியா, இல்லை வேறு என்ன கணக்கோ தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

அவளே வந்தாள். கையில் முருங்கைக்கீரை.

"மதினி, காலு எப்பிடி இருக்கு? எலும்புக்கு இது நல்லது, பொரியல் பண்ணிச் சாப்பிடுங்க."

உட்காரச் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை என்பதால் உட்காரச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். "ஏனுங் அம்மிணி, கொழந்தைகளை வச்சுக் குப்பை வாங்கறீங்களே, ஆராச்சும் சொல்லிச் செய்யறீங்ளா?"

சிரித்தாள். "எவுக சொல்லப் போறாக? எனக்குத் தூங்கணும் மதினி. நைட்டு முழுக்க நின்னுட்டு வாறேன். சன்னலத் தொறந்தா ஈயும் நாத்தமும் குடலப் பெரட்டுது. ஒரு நாள் பூராம் முழிச்சு உக்காந்து பாத்தேன். குப்பை கொட்ட வாறது எல்லாம் பிள்ளைகதான். பெரியாளுக கவரக் கட்டிப் பிள்ளைக கையில கொடுத்து விட்டுருதாக. அதான் பிள்ளைகளப் பிடிச்சேன்."

பிரிக்க வேண்டியதைப் பிள்ளைகளை வைத்தே பிரித்து, காலையில் மில்லிலிருந்து வந்ததும் மெயின் ரோட்டில் நிற்கும் மாநகராட்சி வண்டியில் போட்டுவிடுகிறாளாம். மூலை முழுசாகச் சுத்தமானதும் பிள்ளைகள் அங்கே கட்டம் போட்டுப் பாண்டி ஆடலாம், பந்து ஆடலாம் என்று பேச்சாம்.

பிள்ளைகளைப் பிடித்தேன் என்கிறாள். அதுவும் சிரித்துக்கொண்டே. தூக்கத்துக்காக ஒருத்தி இவ்வளவு பாடுபடுவாளா? கீரையைப் பக்கத்து வீட்டுத் தெய்வானை அக்காவின் ஆட்டுக்குப் போடக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று ஒன்றைப் பார்த்தேன்.

சாயங்காலம் அவள் வாசலில் சாக்கை விரித்துப் பிள்ளைகளோடு குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். காய்த்தோல் ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம். ஒவ்வொரு வீட்டுக் கவரிலிருந்தும் பெண்கள் சீவிப் போட்ட முடியை மட்டும் விரலால் தனியாக எடுத்தாள். உருட்டி உருட்டி ஒரு வெள்ளைக் கவருக்குள் போட்டாள். கவர் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அப்புறம் அதை இறுக்கி முடிச்சுப் போட்டு வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

மூளைக்குள் பளிச்சென்று எல்லாம் ஒன்று சேர்ந்தது. குப்பையாம், சுத்தமாம்! எட்டு வீட்டுப் பொம்பளைகளின் தலைமுடி அவள் கையில் இருக்கிறது. என் முடியும் இருக்கிறது. முடியை வைத்து என்னென்ன செய்வினை செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? என் கால் ஒடிந்தது எப்போது? அவள் குடி வந்த பிறகுதானே?

ஜூலை 9, புதன்

பக்கத்து வீட்டுத் தெய்வானை அக்கா தோசை கொண்டுவந்தார். அவரிடம் மட்டும் சொன்னேன். அதுவும், "எனக்கு அப்படித் தோணுதுக்கா, நெசமான்னு தெரீல" என்றுதான் சொன்னேன்.

"அடி ஆத்தீ!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "போன வாரம் என்ற மருமகளுக்குக் காய்ச்சல் வந்துச்சே, மறந்துட்டயா? அந்த முடியத்தான் எடுத்திருப்பா."

தோசையை வைத்த தட்டைக்கூட எடுக்காமல் ஓடினார்.

ஜூலை 11, வெள்ளி

பிள்ளைகள் பக்கெட்டோடு வந்தார்கள். ஒரு வாசலிலும் குப்பை கிடைக்கவில்லை. மூன்று வீட்டில் கதவையே திறக்கவில்லை. பிகாஷ் அம்மா அவன் காதைத் திருகி இழுத்துக்கொண்டு போனாள்.

தாரணிகாவிடம் இனிமேல் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டேன். "ஏன்?" என்றாள். "ஏன்னா, நான் சொல்றேன்" என்றேன். பக்கெட்டைத் தடாலென்று வாசலில் போட்டுவிட்டுப் போனாள். பார்த்தீர்களா, இரண்டே வாரத்தில் எப்படி மாற்றி வைத்திருக்கிறாள்!

ஜூலை 13, ஞாயிறு

மூலையில் மறுபடியும் குப்பை. மூன்றே நாளில் பழையபடி மலை. ஞாயிற்றுக்கிழமை மீன் கழிவு வேறு. என் ஜன்னல் வரைக்கும் நாற்றம் வருகிறது. மதியம் முழுக்க ஈயை விரட்டிக்கொண்டே கிடந்தேன்.

முத்துப்பேச்சி மட்டும் தனியாக மண்வெட்டியோடு நின்று அள்ளிக்கொண்டிருந்தாள். தூங்க வேண்டிய நேரம் அவளுக்கு. யாரும் பக்கத்தில் போகவில்லை. வேப்பமரத்தடியில் தாரணிகா கையைக் கட்டிக்கொண்டு வெகு நேரம் நின்று அதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஜூலை 16, புதன்

வீட்டில் ஏதோ நடக்கிறது. மஞ்சள்தூள் டப்பா பாதி காலி. போன வாரம்தான் நிரப்பினேன். குங்குமச் சிமிழைக் காணோம். மகளின் நகக்கண்ணில் மஞ்சள். "ஸ்கூல்ல கிராஃப்ட் வேலை" என்கிறாள். ஏழாங்கிளாஸில் மஞ்சள்தூளில் என்ன கிராஃப்ட்?

அவரிடம் சொன்னால், "வயசுக்கு வர்ற புள்ள, மூஞ்சிக்குப் பூசியிருப்பா, உடு" என்கிறார். முகத்துக்குப் பூசினவள் நகத்தை மட்டும் கழுவாமல் விடுவாளா? நாளைக்கு ஆடி பிறக்கிறது. ஆடியில்தான் அந்த வேலையெல்லாம் செய்வார்கள்.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. விடியும்போதே தெருவில் குலவைச் சத்தம்.

"கோகிலா! நம்ம மூலையில ஆத்தா வந்துட்டாடி!" தெய்வானை அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நேத்து அந்தியில கவரக் கொட்டப் போனேன். வேப்பமரத்தடியில தகதகன்னு நிக்கிறா. கவர அப்படியே போட்டுட்டு வுழுந்து கும்பிட்டேன்!"

வாக்கரை ஊன்றி, அவர் தோளைப் பிடித்து, நானும் போனேன். பத்துப் பதினைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள். குப்பையை யாரோ ஒதுக்கி, தண்ணீர் தெளித்துக் கோலமே போட்டிருந்தார்கள். நடுவில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகி ஒரு கல். உருண்டையான நீளக் கல். அடிப்பக்கம் ஓரத்தில் கொஞ்சம் சில்லு பெயர்ந்திருந்தது.

எல்லாக் கல்லிலும் எங்காவது சில்லு பெயர்ந்திருக்கும். நானும் கும்பிட்டுவிட்டு வந்தேன். கூட வந்த என் வீட்டுக்காரர் வழி முழுக்க இருமிக்கொண்டே வந்தார். சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் இருமுவார்.

ஜூலை 19, சனி

அம்மிக்குழவி பரணில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மிக்சி வந்த பிறகு அதை யார் தொட்டார்கள்?

ஜூலை 21, திங்கள்

மூலையில் ஒரு பொட்டுக் குப்பை இல்லை. மாநகராட்சி போர்டு வைத்தும் நிற்காதது, மூன்று நாளில் நின்றுவிட்டது. கவரைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மெயின் ரோட்டு வண்டிக்கே நடக்கிறார்கள்.

வீட்டுக்கார அம்மா நாகரத்தினம் வந்தார். எட்டு வீட்டுக்கும் அவர்தான் சொந்தக்காரர். கல்லைக் கும்பிட்டுவிட்டு நேராகக் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினார். தூக்கக் கண்ணோடு முத்துப்பேச்சி வந்தாள். காம்பவுண்டே கேட்கிற மாதிரித்தான் பேச்சு.

"இத பாரு அம்மிணி, நீ என்ன செஞ்சியோ ஏது செஞ்சியோ எனக்குத் தெரியாது. ஆத்தாளே எறங்கி வந்து நிக்கிறான்னா ஏதோ இருக்குது. ஊட்டக் காலி பண்ணிக்க."

"நான் என்னம்மா செஞ்சேன்? குப்பையத்தான அள்ளுனேன்?"

"ஆடி மாசத்துல ஆரும் ஊடு மாத்த மாட்டாங்க, எனக்கும் அந்தப் பாவம் வேண்டாம். ஆடி முடியட்டும். ஆவணி ஒண்ணாந்தேதி சாவி என்ற கைக்கு வந்தரோணும்."

முத்துப்பேச்சி ஒரு தடவை எட்டு வாசலையும் பார்த்தாள். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். வெயில் கண்ணில் அடித்தது.

ஜூலை 24, வியாழன்

காலையில் சைக்கிளில் ஒருத்தன், "சிக்குமுடி இருக்குதா, சிக்குமுடீ!" என்று கத்திக்கொண்டு வந்தான். சீவிய முடியை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் சாமான் கொடுக்கிறவன். ஜன்னலில் என்னைப் பார்த்து நிறுத்தினான்.

"ஏக்கா, இங்க குப்பை பிரிக்கிற பசங்க எங்கே? ரெண்டு பக்கெட்டுக்கு முடி சேர்த்துத் தர்றோம்னாங்க. ஒரு பக்கெட்டு போன மாசமே குடுத்துட்டேன். இன்னொண்ணு வேணும், சீக்கிரம் வாங்கன்னாங்க."

"ஆருங்க சேக்கறது?"

"கடைசி வீட்டு அக்காதான் கவருல கட்டி வச்சிருந்துச்சு. பசங்களுக்குக் குப்பை எடுக்கப் பக்கெட்டு இல்லைன்னு அதுதான் ஐடியா குடுத்துச்சு."

பசங்க ஸ்கூலுக்குப் போயிருக்காங்க என்று மட்டும் சொன்னேன். கடைசி வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு அவன் போய்விட்டான்.

ஜூலை 25, வெள்ளி

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 26, சனி

அந்தச் சிக்குமுடிக்காரன் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். அதற்காக அவள் நல்லவள் என்று ஆகிவிடுமா? என்று காலையில் எழுத உட்கார்ந்தேன். மத்தியானம் தாரணிகா என் எதிரில் வந்து நின்றாள்.

"அம்மா, அது நம்ம குழவி."

"எது?"

"உனக்குத் தெரியும். அன்னிக்கே நீ பாத்த. நான்தான் பரணில இருந்து எடுத்து வச்சேன். அத்தைக்குத் தெரியாது. ஆருக்கும் தெரியாது. நாங்க பிரிச்சு முடிச்சு எடுத்த எடத்துல எல்லாரும் திருப்பிக் கொட்டுனாங்கல்ல, அதான். செவுத்துல சாமி படம் ஒட்டுனா ஆரும் அசிங்கம் பண்ண மாட்டாங்கல்ல, அது மாதிரி."

"அறிவிருக்குதாடீ உனக்கு? சாமியில வெளையாடலாமா?"

"நீ அங்கதானம்மா வழுக்கி வுழுந்த!" என்று கத்தினாள். கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. "ஆசுபத்திரியில நீ கத்தினியே, நான் வெளியில நின்னு கேட்டுட்டே இருந்தேன். அடுத்த நாளே நான்தான் அத்தைகிட்டப் போய், அந்தக் குப்பைய எடுக்கோணும்னு சொன்னேன். எப்படின்னுதான் அத்தை சொன்னாங்க. நீ சொன்னா அத்தை போக வேண்டியதில்ல. நீதானம்மா முடியப் பத்திச் சொன்ன? தெய்வானைப் பெரியம்மா எல்லார்கிட்டயும் உன்ற பேரச் சொல்லித்தான் சொல்றாங்க. நீயே போய் இல்லைன்னு சொல்லு."

சொல்கிறேன் என்றேன். எப்போது என்றாள். கட்டுப் பிரிக்கட்டும் கண்ணு, நடந்து போய்ச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மூலையில் தகரக் கொட்டகை போட்டுவிட்டார்கள். விழாக் கமிட்டியாம். அதில் என் வீட்டுக்காரர் பேரும் இருக்கிறது.

"ஏனுங் மாமா, அது நம்ம குழவின்னு உங்களுக்கும் தெரியும்ல?"

"தெரியாம? எங்கம்மா சீதனமாக் கொண்டு வந்த குழவி. சில்லு பேந்ததே நான் சின்னப் பையனா இருக்கறப்ப கீழ போட்டுத்தான்."

"அப்ப சொல்லிடலாங்ளா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "கோகிலா, நல்லா யோசிச்சுப் பாரு. நம்ம புள்ள சாமிய வச்சு ஊர ஏமாத்திட்டான்னு ஒருத்தன் சொன்னாப் போதும். அவளத் தெருவுல நடக்க உடுவாங்களா? நாகரத்தினம் அம்மா நம்மளயும் சேத்துக் காலி பண்ணச் சொல்லும். அந்தப் பொண்ணு ஒண்டிக்கட்டை, எங்கயாச்சும் ஊடு புடிச்சுக்கும்."

பயம் எனக்கும்தான். மகளை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியாது. ஆனால் அந்தப் பயம் மட்டும்தானா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். செய்வினை என்று கிளப்பிவிட்டவள் நான் என்று எல்லோர் எதிரிலும் ஒத்துக்கொள்ளவும் நாக்கு எழவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

கட்டுப் பிரித்தாயிற்று. கால் சூம்பிக் கிடக்கிறது. ஊன்றுகோலோடு நடக்கிறேன்.

தாரணிகா கேட்டாள். வலிக்கிறது, இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிள்ளைகள் மூலையில் பாண்டிக் கட்டம் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். சுத்தமானதும் ஆடலாம் என்று முத்துப்பேச்சி அவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. தெய்வானை அக்கா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "ஆத்தா இருக்கற எடத்துல செருப்புக் காலோட என்ன ஆட்டம்? ஓடுங்க!" கட்டத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அப்புறம் கமிட்டிக்காரர்கள் கயிறு கட்டிவிட்டார்கள். பந்து உள்ளே விழுந்தால்கூட எடுக்க விடுவதில்லை.

பிகாஷும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் என் வாசலுக்கு வந்தார்கள். "பெரியம்மா, அத்தைக்கு எங்கயும் வீடு கெடைக்கலீங். ஆடியில ஆரும் தர மாட்டேங்கறாங்களாம். நீங்க சொன்னா வீட்டுக்கார அம்மா கேப்பாங்களாமே, தாரணிகா சொன்னா."

ஒரிசாவில் பிறந்த பிள்ளை, எங்களைவிட நன்றாக 'ங்' போடுகிறது. வெள்ளிக்கிழமை கடைசி ஆடி வெள்ளி. கூழ் ஊற்றும்போது எல்லோரும் இருப்பார்கள். அன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மூன்று பேரும் தெருமுனை வரைக்கும் ஓடினார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

கூழ்க்குடம் வந்து இறங்கியிருந்தது. தெருவே நின்றது. பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே. முத்துப்பேச்சி வரவில்லை. அவளை யாரும் கூப்பிடவும் இல்லை. தாரணிகா என் ஊன்றுகோலுக்குப் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தாள். மைக்செட் பாட்டை நிறுத்தச் சொன்னேன்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. இது ஆத்தா இல்லீங். இது என்ற ஊட்டு அம்மிக்குழவி. குப்பை கொட்டக் கூடாதுன்னு கொழந்தைக மஞ்சப் பூசி வச்சது. முத்துப்பேச்சி செய்வினை வைக்கறான்னு மொதல்ல சொன்னது நான்தான். அது பொய். அந்த முடி சிக்குமுடிக்காரனுக்குக் குடுத்துக் கொழந்தைகளுக்குப் பக்கெட்டு வாங்கறதுக்கு. எனக்கு ஜூலை மாசமே தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருந்துட்டேன். அந்தப் பொண்ணுக்கு எதுக்கு இந்தத் தண்டனை? அவ இங்கயே இருக்கட்டும்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அடிக்கத்தான் போகிறார்கள் என்று தாரணிகாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

தெய்வானை அக்கா கூழ்க்கரண்டியைக் கீழே வைத்தார். கண் நிறைய நீர். நேராக வந்து என் காலில் விழுந்தார். ஒடிந்த காலில்.

"பாத்தீங்ளா! பாத்தீங்ளா! ஊருல எத்தனை ஊட்டுல கல்லு கெடக்குது! கோகிலா ஊட்டுக் குழவியத் தேடி எடுத்திருக்கா என்ற ஆத்தா! கொழந்தை கையில பூந்து அவளே மஞ்சப் பூச வெச்சிருக்கா! கொழந்தைக்கு என்ன தெரியும் சொல்லுங்க?"

குலவை கிளம்பியது. நான் கத்தினேன். "அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. முத்துப்பேச்சி..."

"அந்தப் பேச்சை உடு" என்றார் நாகரத்தினம் அம்மா. "இப்பக்கூட உன்ற வாயில இருந்துட்டு அந்தச் செய்வினைக்காரி எப்படிப் பேசறா பாத்தியா? நீயா இப்படிப் பேசற ஆளு? நல்ல வேளை, நாளானிக்கு எடத்தக் காலி பண்றா." என் நெற்றியில் திருநீற்றை அழுத்திப் பூசினார். யாரோ நாற்காலி கொண்டுவந்து என்னை உட்கார வைத்தார்கள். மாலை வேறு. காய்ச்சலில் கிடந்த தன் பிள்ளையை ஒருத்தி என் மடியில் படுக்க வைத்தாள்.

மாலையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூட்டத்தில் மகளைத் தேடினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளோடு நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "சொன்னேன்ல கண்ணு?" என்று கேட்டேன்.

"ம். வெறும் கல்லா இருந்தப்பவே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

ஆகஸ்ட் 16, சனி

நாகரத்தினம் அம்மா வீட்டுக்கு இரண்டு தடவை நடந்தேன். முதல் தடவை காபி கொடுத்தார். இரண்டாம் தடவை, கடைசி வீட்டுக்கு வேறு ஆள் பேசியாகிவிட்டது என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. காலையில் சின்ன வண்டி வந்து நின்றது. ஒரு கட்டில், ஒரு பீரோ, இரண்டு மூட்டை, மண்வெட்டி. அவ்வளவுதான் சாமான். பிள்ளைகள்தான் தூக்கி ஏற்றினார்கள். பெரியவர்கள் ஒருவரும் வெளியே வரவில்லை. நான் மட்டும் ஊன்றுகோலோடு போய் நின்றேன்.

"எங்கம்மிணி ஊடு புடிச்சிருக்கீங்க?" என்றேன்.

"ரயில்வே கேட்டுக்கு அங்கிட்டு மதினி. ஒரு பாய் வீடு. அவுகளுக்கு ஆடி ஆவணி ஒண்ணும் இல்லையாம், உடனே கொடுத்துட்டாக."

"என்னாலதான் எல்லாம். என்னைய மன்னிச்சிருங்க."

அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "பிள்ளை சொல்லுச்சு, எல்லாரு முன்னாலயும் சொன்னீகளாம்ல." பரவாயில்லை என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. "அங்கயும் எதுத்தாப்புல ஒரு குப்பைமேடு இருக்கு. இதைய விடப் பெருசு" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். தாரணிகா வண்டி திரும்பும் வரை கை ஆட்டினாள். எனக்கு அழுகையாக வந்தது, திரும்பி நின்று அழுதேன்.

நாளையிலிருந்து நான் வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் முழுக்க மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிளுக்குக் காற்றடித்தாள். செயினுக்கு எண்ணெய் விட்டாள். பிகாஷ் வந்து வாசலில் அவளோடு ஏதோ கிசுகிசுத்தான், நான் எட்டிப் பார்த்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். இப்போதெல்லாம் அவள் என்னிடம் சண்டை போடுவதில்லை. எதையும் சொல்வதும் இல்லை.

சோறு போடும்போது கேட்டாள். "நாளைக்குக் கம்பெனி எத்தனை மணிக்கும்மா விடும்?"

"ஏன்?"

"சும்மாதான். ஓவர்டைம் இருக்குமா?"

தட்டைப் பார்த்தபடியேதான் கேட்டாள். ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய் வர எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும்.

"இருக்கும் கண்ணு. நான் வர்றதுக்கு ஏழரை ஆயிடும்" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கம்பெனியில் இந்த மாதம் ஆர்டரே இல்லை, ஐந்தரைக்கெல்லாம் விட்டுவிடுவார்கள். ஏழரை வரைக்கும் எங்கே போய் உட்காருவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.